சிரிக்கிற பன்றித் தலை ஒன்று தேவை

சங்ஜு நகரில் மருந்துக்கடை நடத்தி, ஊரார் இருமலையெல்லாம் ஒற்றைக் கையால் அடக்கி ஆண்டுவரும் என் மூத்த சகோதரி சுனிம் அவர்களின் சமூகத்துக்கு, பூசான் துறைமுகத்தில் பன்றி எலும்புச் சூப்பைக் கொதிக்க வைத்தே தென்கொரியாவின் பாதிக் குளிரை விரட்டிக் கொண்டிருக்கும் தங்கள் ஒரே தம்பி பாங் மான்சிக், நெற்றி தரையில் பட வணங்கி எழுதிக்கொண்டது. இங்கு நானும், தங்கள் மகள் நாரேயும், கடையும், கடையை உண்மையில் நடத்துகிற பூனையும் நலம். அங்கு தாங்களும் அத்தானும் அத்தானின் முதுகுவலியும் நலமா? முதுகுவலி நலமாக இருக்க வேண்டாம், அத்தான் மட்டும் இருந்தால் போதும். தாங்கள் அனுப்பிய பெர்சிமன் பழ வற்றல் வந்து சேர்ந்தது. ஒன்றை எடுத்துக் கடித்தேன். அதன் இனிப்பு தாங்காமல் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் அத்தனையும் ஒரு முறை சங்கு ஊதின. நம்பாவிட்டால் பூனையைக் கேட்டுக்கொள்ளலாம். நன்றி அக்கா. ஆனால் இந்தக் கடிதம் பழத்துக்காக எழுதியது இல்லை. அதைவிடப் பெரிய நன்றி ஒன்று நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. தாங்கள் தாங்கள் என்று எழுதி இதற்குள் கை வலிக்கிறது, இனி நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

போன வாரம் போனில் என்ன கேட்டாய்? "டேய் மான்சிக், ஒரு வருஷம்னு சொல்லித்தான் அனுப்பினேன். பிப்ரவரியோட முடியுது. அவ படிக்கிறாளா, படம் பாக்குறாளா, அத மட்டும் சொல்லு. நல்லா இருந்தா இன்னும் ரெண்டு வருஷம் அங்கயே இருக்கட்டும், இல்லன்னா இங்க கூட்டிட்டு வந்து மருந்தாளுநர் படிப்புக்குத் தயார் பண்றேன்." பிறகு, வருஷக் கடைசியில் பிள்ளைகளின் படங்களைத் திரையிடும்போது வருகிறேன் என்று முன்பு கொடுத்த வாக்கையும் மாற்றி, "கடைய விட்டுட்டு எப்படிடா வர்றது, நீயே பாத்துட்டு சொல்லு" என்று போனை வைத்துவிட்டாய். ஆக, ஒரு பெண்ணின் தலைவிதியைச் சூப்புக் கரண்டி பிடிக்கிறவன் கையில் கொடுத்துவிட்டாய். பரவாயில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நடுநிலை. எனக்கு இதில் விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. தராசு முள் கூடக் காற்றடித்தால் கொஞ்சம் ஆடும், நான் அதுவும் ஆட மாட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், முடிவு உன்னுடையது.

மார்ச்சில் அவள் வந்தபோது, பள்ளிக்கூடத்தில் சினிமா ஒரு பாடம் என்றால் பிள்ளைகளை இருட்டில் உட்கார வைத்துப் பொரி கொடுப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். முதல் வீட்டுப்பாடமே என் ஆணவத்தை உடைத்தது. ரயில் நிலையத்தில் ஒரு பெண் காத்திருக்கிற காட்சி. அதைச் சத்தமே இல்லாமல் பார்த்து, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று எழுத வேண்டும். பிறகு அதே காட்சியைப் படமே இல்லாமல் சத்தத்தை மட்டும் கேட்க வேண்டும். தனியாகக் கேட்கப் போரடிக்கிறது என்று என்னையும் இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். கடைச் சுவரைப் பார்த்து நாங்கள் இருவரும் அசையாமல் உட்கார்ந்திருக்க, சாப்பிட வந்த மீன்பிடிப் படகுக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "மான்சிக் அண்ணே, என்ன தப்புப் பண்ணினீங்க? எவ்வளவு நேரம் முட்டி போடச் சொன்னாங்க?" என்றார். அன்றிலிருந்து என்னால் வானிலைச் செய்திகூட நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை அக்கா. கேமராவைக் கீழே வைத்துச் செய்தி வாசிக்கிற அம்மாவை மேல்நோக்கி எடுத்திருக்கிறார்கள், அதனால்தான் மழை வரும் என்று அவர் சொன்னால் நாம் பயப்படுகிறோம் என்று வாடிக்கையாளர்களிடம் விளக்கிக்கொண்டிருக்கிறேன். மூன்று பேர் கடை மாறிப் போய்விட்டார்கள்.

இத்தனைக்கும் காரணம் மெங் டீச்சர். தன்னைவிடப் பெரிய கோட்டுக்குள் இருக்கிற சின்ன அம்மாள். யார் எதைச் சொன்னாலும் "சரி, ஏன்?" என்பார். இந்தக் காட்சி சோகமா இருக்கு டீச்சர். சரி, ஏன்? மழை பெய்யுது டீச்சர். சரி, ஏன்? ஒரு நாள் என் கடைக்கு வந்தபோது, "எங்க சூப்புதான் பூசான்லயே முதல் தரம்" என்றேன். "சரி, ஏன்?" என்றார். பதில் தேடி அன்று முழுக்க எனக்குத் தலை சுற்றியது, இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வருஷக் கடைசிக்கு குழு குழுவாகச் சேர்ந்து ஒரு சின்னப் படம் எடுக்க வேண்டும். அதற்குத்தான் பெரிய மதிப்பெண். நாரேயின் குழுவில் அவள்தான் இயக்குநர். கதை இதுதான்: பேச ஆளில்லாத ஒரு சூப்புக்கடைக்காரர், மேசைமேல் இருக்கிற பன்றித் தலையிடம் தன் மனதில் இருப்பதையெல்லாம் சொல்கிறார். தலை சிரித்துக்கொண்டே கேட்கிறது. அவ்வளவுதான். "எங்கருந்துடி பிடிச்ச இந்தக் கதைய?" என்று கேட்டேன். "சும்மா தோணுச்சு மாமா" என்று என்னைப் பார்க்காமலே சொன்னாள். நான் சூப்புப் பானையோடு பேசுகிற பழக்கத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கடைக்காரர் வேஷத்துக்கு உலகத்தில் ஒரே ஆள்தானே பொருத்தம்? தலை சீவி, புது மேலங்கி மாட்டி, ஒத்திகைக்கு நின்றேன். வசனத்தின் முதல் வரியிலேயே நாரே கையைத் தூக்கினாள். "மாமா, நீ பேசல. கடலுக்கு அந்தப் பக்கம் ஜப்பான்காரனுக்குக் கேக்கணும்னு கத்துற. நீ ரொம்ப நடிக்கிற மாமா." வேஷம் வகுப்பிலேயே உயரமான சோல்ஹி என்ற பெண்ணுக்குப் போனது, ஒட்டு மீசையோடு. நான் வருந்தவில்லை. இரண்டு நாள் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். பசிக்காமல்தான்.

எனக்குக் கிடைத்த வேலை பன்றித் தலை வாங்குவது. படம் எடுக்கத் தொடங்குமுன் பூஜை போட வேண்டும் அல்லவா, தலையை வைத்து, விழுந்து கும்பிட்டு, அதன் வாயில் காணிக்கை உறை செருகி? பள்ளிக்கூடப் படம் என்றாலும் படம் படம்தானே. சந்தையில் தலை விற்கிற ஓக்புன் அம்மாளிடம் போய், பூசானிலேயே அழகாகச் சிரிக்கிற தலை வேண்டும் என்றேன். அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். கடைசியில் ஒன்று கிடைத்தது. இடக்காதில் சின்னக் கிழிசல், வாய் ஒரு பக்கமாகக் கோணி, ரகசியம் தெரிந்தவன் சிரிப்பது போல ஒரு சிரிப்பு. நம் அத்தான் கல்யாணத்தன்று சிரித்தாரே, அதே சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டுப் பூஜை போட்டோம். பிள்ளைகள் என்பதால் அரிசிக் கள்ளுக்குப் பதில் பார்லித் தண்ணீர். மெங் டீச்சர் விழுந்து கும்பிட்டார், கோட்டு மட்டும் எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதமானது. நாரே கும்பிட்டபோது உதடு அசைந்தது, என்ன வேண்டினாள் என்று கேட்டேன், சொல்லவில்லை. பிறகு அன்று முழுவதும் படம் பிடித்தார்கள். தலை மேசையில் தனியாக இருப்பதை, அதன் காதுக்குப் பின்னாலிருந்து கடையை, சோல்ஹியின் முதுகை. முதுகு மட்டும்தான், ஏனென்றால் முதல் ஷாட்டிலேயே மீசை சூப்பில் விழுந்து கரைந்துவிட்டது. முகம் தெரிகிற ஷாட்டுகளை மறுநாள் வேறு மீசையோடு எடுக்கலாம் என்று முடிவு. மறுநாள் சாயங்காலம் கேமராவை அடுத்த குழுவிடம் கொடுத்துவிட வேண்டும், அதனால் அந்த ஒரு பகல்தான் மிச்சம். கிளம்பும்போது பிள்ளைகள் தலையைக் குளிர்பெட்டிக்குள் வைத்தார்கள். நாரே, "மாமா, பத்திரம்" என்றாள்.

இங்கேதான் அக்கா, எந்தக் கொரியனும் தடுக்கி விழுகிற இடம். படைத்த தலையைப் பங்கிட்டுச் சாப்பிடாமல் விட்டால் வந்த அதிர்ஷ்டம் வாசலோடு திரும்பிவிடாதா? அப்பா கடை திறந்த நாளில் அதை ஊருக்கே பங்கு போட்டாரே? காலையில் பிள்ளைகள் பசியோடு வருவார்கள், அதற்குத்தான் பத்திரம் என்றாள் என்று நினைத்தேன். நான் எடுத்த முடிவில் என்ன குற்றம்? விடியற்காலையில் எழுந்தேன். இஞ்சி, பூண்டு, பச்சை வெங்காயத் தாள், சோயா விழுது எல்லாம் போட்டு, அந்தத் தலையை என் வாழ்நாளில் எதையும் வேகவைக்காத பக்தியோடு வேகவைத்தேன். எலும்பு நீக்கி, அழுத்திக் கட்டி, ஆறவைத்து, ஊடாகப் பார்த்து நாவலே படிக்கலாம் போல மெல்லிய வில்லைகளாக நறுக்கி, உப்பிட்ட குட்டி இறாலோடு தட்டில் அடுக்கினேன். பிள்ளைகள் வந்தார்கள். பாய்ந்தார்கள். நாரே வாய் நிறைய வைத்துக்கொண்டு சொன்னாள்: "மாமா! என்னா ருசி! என்ன கறி இது?"

"உன் படத்துல நடிச்சவன்தான்" என்றேன், பெருமையாக.

மெல்லுவது நின்றது. அவள் போய்க் குளிர்பெட்டியைத் திறந்தாள். மூடினாள். மறுபடியும் திறந்தாள், அவன் திரும்பி வந்திருப்பான் என்பது போல. சோல்ஹியின் புது மீசை தானாகவே கீழே விழுந்தது. "மாமா" என்றாள் நாரே, ரொம்ப மெதுவாக. "அவன்தான் இன்னைக்கு முழுக்க நடிக்கணும்." இருபது வருஷம் கழித்து என்னைப் புதைக்கும்போதும் அந்தக் குரல் என் காதில் இருக்கும். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கத்தவில்லை. உன் மகள் அழுகையை உன்னைப் போலவே விழுங்குகிறாள் அக்கா, மாத்திரை விழுங்குகிற மாதிரி, தண்ணீர் இல்லாமல். எனக்குத் தெரியும், படம் முடியாவிட்டால் மதிப்பெண் இல்லை, மதிப்பெண் இல்லாவிட்டால் நீ சொல்லப்போவது என்ன என்று அவளுக்கும் தெரியும்.

அவள் போனில் இருந்த தலையின் படத்தை வாங்கிக்கொண்டு சந்தைக்கு ஓடினேன். ஓடினேன் என்றால், வழியில் இரண்டு பேருந்துகளை முந்தினேன். நேற்று எடுத்த ஷாட்டும் இன்று எடுக்கிற ஷாட்டும் ஒட்ட வேண்டும், அதற்குக் கன்டினியூட்டி என்று பெயர், அதாவது முகம் அதே முகமாக இருக்க வேண்டும். ஓக்புன் அம்மாளிடம் படத்தைக் காட்டி, "இதே சாயல்ல ஒருத்தன் வேணும், கொஞ்சம் கோணச் சிரிப்பு, இடது காதுல கிழிசல்" என்றேன்.

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்ப்பா, உனக்குப் பன்றித் தலை வேணுமா, மாப்பிள்ளை பாக்குறியா?"

"அவசரம்மா! குணம் எப்படி இருந்தாலும் பரவால்ல, முகம் மட்டும் ஒத்துப் போகணும்!"

"எல்லாரும் அப்படித்தான்ப்பா சொல்றாங்க" என்றார் அவர். ஆனால் பாவம், கடை முழுக்கத் தேடினார். பக்கத்துக் கடைகளும் தேடின. ஒருவன் சிரித்தான், காது முழுசாக இருந்தது. ஒருவனுக்குக் காது கிழிந்திருந்தது, முகத்தில் வருமான வரி கட்டியவனின் துயரம். சந்தை முழுக்க அன்று ஒரு பன்றிக்கும் சிரிக்கக் காரணம் இருக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பினேன்.

மெங் டீச்சர் வந்திருந்தார். நடந்ததைச் சொன்னார்கள். காலியான தட்டைப் பார்த்தார். ஓரத்தில் காதுத் துண்டு ஒன்று மட்டும் மிச்சம். திட்டுவார் என்று தோளைச் சுருக்கிக்கொண்டேன். "சரி" என்றார் நாரேயிடம். "இப்ப என்ன செய்யலாம்?" நாரே நேற்று எடுத்த ஷாட்டுகளைக் கேமராவில் ஓட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "தலையக் காட்ட வேணாம் டீச்சர். நேத்தே அது சிரிக்கிறத எடுத்தாச்சு. இனி அதைப் பாக்குற ஆளோட முகம் போதும். அந்த முகத்தப் பாத்தா, தலை கேட்டுக்கிட்டு இருக்குன்னு பாக்குறவங்களே நெனச்சுக்குவாங்க."

"சரி, ஏன்?"

"ரயில் நிலையத்துல அந்தப் பொண்ணு காத்திருந்தாங்களே, ரயில் வர்றத நாம பாக்கவே இல்லையே டீச்சர். ஆனா வந்துச்சு."

மெங் டீச்சர் முதல் முறையாக ஏன் என்று கேட்கவில்லை. அக்கா, நீ கேட்டாயே, படிக்கிறாளா படம் பார்க்கிறாளா என்று. அந்த நிமிஷத்தில் நீ என் கடையில் நின்றிருக்க வேண்டும்.

ஆனால் சோல்ஹியால் முடியவில்லை. காலித் தட்டைப் பார்த்தாலே தான் தின்றது ஞாபகம் வந்து சிரிப்பு. நேரம் ஓடியது. நேற்று எடுத்தது முதுகு மட்டும்தானே, என் மேலங்கிதானே அந்த முதுகில் இருந்தது? நாரே என் பக்கம் திரும்பி, "மாமா, உக்காரு" என்றாள். உட்கார்ந்தேன். இந்த நாளுக்காகத்தானே பிறந்தேன்! நெஞ்சை நிமிர்த்தி, "வராக குலத்து மாவீரனே!" என்று ஆரம்பித்தேன். கட். "ஓ சிரித்த முகத்தானே!" கட். இப்படியே பல கட். கடைசியில் அவள் பெருமூச்சு விட்டு, "சரி மாமா, பேட்டரி மாத்துறோம். அப்படியே சும்மா இரு" என்றாள். சும்மா இருந்தேன். கடை அமைதியாக இருந்தது. தட்டில் அந்தக் காதுத் துண்டு. வேறு வேலை இல்லாததால் அதனோடு பேசினேன்.

"டேய், உன்னத் தின்னுட்டேன். கோவிச்சுக்காத. தப்புத்தான், ஆனா ருசியா இருந்தடா. உங்க குலத்துக்கு நான் நன்றி சொன்னதே இல்ல, இப்பச் சொல்றேன். நீங்க இல்லன்னா இந்தக் கடை இல்ல. கடை இல்லன்னா, பூசான்ல மாமா இருக்கான், அவன் வீட்ல தங்கிப் படிக்கட்டும்னு ஒருத்திய அனுப்பியிருக்க மாட்டாங்க. முன்னாடியெல்லாம் இந்த வீட்ல ‘மாமா பசிக்குது’ன்னு ஒரு சத்தம் கேட்டதில்லடா. இப்பக் கேக்குது, தெருவே அதிருது. பிப்ரவரிக்கு அப்புறம் கேக்காது. எனக்கு நூறு பேருக்குச் சமைக்க வரும், ஒருத்தனுக்கு மட்டும் சமைக்க வராது. என்ன பண்ணச் சொல்ற? மறுபடியும் உங்க ஆளுங்ககிட்டதான் பேசணும்." பிறகு, வீணாக்கக் கூடாதே என்று அந்தக் காதையும் எடுத்து வாயில் போட்டு மென்றேன்.

மெங் டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கோட்டில் துடைத்துக்கொண்டிருந்தார். கேமராவுக்குப் பின்னாலிருந்து, ஜலதோஷம் பிடித்த குரலில் நாரே, "கட்" என்றாள். பேட்டரி மாற்றவே இல்லை, கேமரா ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது! தாய்மாமனையே ஏமாற்றிய இந்தக் குணம் உன் பக்கத்திலிருந்து வந்ததா, அத்தான் பக்கத்திலிருந்தா என்று விசாரித்து எழுது.

தவறாக எடுத்துக்கொள்ளாதே. நான் பேசியது முழுக்க நடிப்பு. உண்மை ஒரு சிட்டிகைகூடக் கலவாத கற்பனை வசனம். நாரே ஊருக்குத் திரும்பினால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வீடு அமைதியாகும், பூனை நிம்மதியாகத் தூங்கும், வானிலைச் செய்தியை வானிலைச் செய்தியாகப் பார்ப்பேன். நான் நடுநிலை. படத்தை வெட்டி ஒட்டி முடித்துவிட்டாள். இருபதாம் தேதி மாலை பள்ளி அரங்கில் திரையிடுகிறார்கள். முடிந்தால் வா, முடியாவிட்டால் இருமுகிறவர்களைப் பார்த்துக்கொள். எது எப்படியானாலும், இந்தப் பெண்ணை ஒரு வருஷம் என் கூரைக்குக் கீழே அனுப்பி வைத்ததற்கு, பெர்சிமனைவிட, கப்பல்களின் சங்கைவிடப் பெரிய நன்றி உனக்கு. அத்தானின் முதுகு நேராகட்டும், உன் கடையில் கூட்டம் குறையாமலும் அவர்கள் நோய் நிற்காமல் குறையவும், இரண்டும் ஒன்றாக எப்படி நடக்கும் என்று தெரியாவிட்டாலும், மனதார வேண்டிக்கொள்ளும்,

உன் தம்பி,
பாங் மான்சிக்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் நாரே பிடுங்கிப் படித்துவிட்டாள். "மாமா, படத்துல நீ நடிக்கவே இல்ல. இதுலதான் ரொம்ப நடிச்சிருக்க" என்றாள். இயக்குநர் சொன்னால் சொன்னதுதான். ஆகவே மேலே நடுநிலை என்று எழுதிய இடங்களையெல்லாம் அடித்துவிட்டுப் படித்துக்கொள். உண்மை என்னவென்றால், நீ சம்மதித்துவிட்டாய் என்று மெங் டீச்சரிடம் நான் போன வாரமே சொல்லிவிட்டேன். சரி, ஏன் என்று அவர் கேட்டார், அதற்கும் உன் பெயரில் நானே ஒரு நல்ல பதில் சொன்னேன். அடுத்த வருஷப் படத்துக்கு ஓக்புன் அம்மாள் இப்போதே ஒரு தலை பார்த்துக் கொடுத்துவிட்டார், உறைபெட்டியில் இருக்கிறது. ‘மாமா, இது சாப்பாடு இல்லை’ என்று நாரே அதன் நெற்றியில் காகிதம் ஒட்டியிருக்கிறாள். அந்தப் பூஜையைத் திரையிடும் நாளிலேயே போட்டுவிடலாம், முதல் கும்பிடு அம்மாதான் போட வேண்டும் என்கிறாள். இருபதாம் தேதி வரும்போது காணிக்கை உறை ஒன்று எடுத்துக்கொண்டு வா அக்கா. அவன் சிரித்தபடி வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறான். நானும் அப்படித்தான்.